கை பிளாக்கில் எதைச் சேர்ப்பது: டெக்ஸாவா, டெக்ஸ்மெட்டா?

முதுநிலை மயக்கவியல் படிப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கேள்வி இது: முழங்கைக்குக் கீழே அறுவைக்கு சுப்ராகிளாவிகுலர் பிளாக் (காறை எலும்புக்கு மேலே கையின் நரம்புப் பின்னலை மரக்கவைக்கும் ஊசி) போடும்போது மரப்பு மருந்தான ரோபிவகெய்னோடு டெக்ஸாமெத்தசோன் (டெக்ஸா, ஒரு ஸ்டீராய்டு) சேர்த்தால் அதிக நேரம் நிற்குமா, டெக்ஸ்மெடிடோமிடின் (டெக்ஸ்மெட், தூக்கம் தரும் மருந்து) சேர்த்தால் நிற்குமா? ஒரு சீனியர் இதைச் சொல்கிறார், இன்னொருவர் அதைச் சொல்கிறார், இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலந்தால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். எது நீளும் என்பதற்கு மட்டும் பதில் வேண்டுமென்றால் ஒரு வார்த்தை போதும்: டெக்ஸா. ஆனால் கேள்வியைப் படித்தால் எதைப் போட்டால் நோயாளிக்கு நல்லது என்பதைத்தான் கேட்க வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதற்கு ஒரு வார்த்தை போதாது. ஏனென்றால் பிளாக்கை நீட்டுகிறோம் என்றால் வலி நிவாரணத்தை மட்டும் நீட்டுவதில்லை. கை அசையாமல் கிடப்பதையும், தொட்டால் தெரியாததையும், பக்கத்து நரம்புகளில் பட்ட பாதிப்பையும் சேர்த்தேதான் நீட்டுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ரோபிவகெய்னோ அதன் இனத்தைச் சேர்ந்த பியூபிவகெய்னோ தனியாகப் போட்டால் இந்த பிளாக்கின் வலி நிவாரணம் சுமாராக 8 முதல் 14 மணி நேரம் நிற்கும். காலை 10 மணிக்கு ஊசி போட்டு, அந்த மேல் வரம்பை ஒட்டி நின்றால் இரவு 10, 12 மணி வாக்கில் விட்டுப்போகும். வார்டில் ஆள் குறைவு, நோயாளி தூங்கிக்கொண்டிருப்பார், மாத்திரை நேரம் தவறியிருக்கும். சரியாக அந்த நேரத்தில் வலி திடீரென்று வந்து இறங்கும். பிளாக் போடாதவருக்கு வருவதைவிட மோசமாக வருவதும் உண்டு, அதைத்தான் ரீபவுண்ட் பெயின் என்கிறோம். இதோடு ஒரு 6, 8 மணி நேரம் கூட்டினால் விடியற்காலை தாண்டிவிடும். சேர்மானத்தின் உண்மையான பயன் இந்த ஒரு ராத்திரியைக் கடப்பதில்தான் இருக்கிறது. அறுவையே மாலை 4 மணிக்கு என்றால் கணக்கு மாறும். கணுக்கை நரம்பை விடுவிக்கும் கார்ப்பல் டனல் மாதிரி சின்ன அறுவை என்றால், சீக்கிரம் விட்டுப்போகும் லிக்னோகெய்னில் முடிகிற வேலைக்கு எதற்காக ஒரு நாள் முழுக்கக் கையைத் தொங்கவிட வேண்டும் என்றுதான் நான் கேட்பேன்.

டெக்ஸாவைப் பற்றி ஓரளவு உறுதியாகவே பேசலாம், ஏனென்றால் இந்தக் கூட்டத்திலேயே அதிகம் சோதிக்கப்பட்டது அதுதான். 2017-இல் வந்த கோக்ரேன் தொகுப்பாய்வில் (பல சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஆய்வு), நரம்பின் பக்கத்தில் போட்ட டெக்ஸா உணர்விழப்பை சராசரியாக 6.7 மணி நேரம் நீட்டியது, ஐ.வி.யாக, அதாவது ரத்த நாளத்தில், போட்டது 6.2 மணி நேரம் நீட்டியது. இந்த இரண்டு எண்களைப் பார்த்துவிட்டு 'வித்தியாசம் அரை மணிதான்' என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதே ஆய்வில், இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனைகளை மட்டும் எடுத்தால் நரம்போரம் போட்டது சுமார் 3 மணி நேரம் முன்னால் நிற்கிறது. முரண்பாடு போலத் தெரியும், ஆனால் இல்லை: முதல் இரண்டு எண்களும் ஒரே சோதனைத் தொகுதியிலிருந்து வந்தவை அல்ல. ஆக நரம்போரம் போட்டால் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கிறது என்பது உண்மைதான். அந்த 3 மணி நேரத்துக்காக, அந்த வழியில் போட அங்கீகாரம் இல்லாத ஒரு மருந்தை நரம்பின் மேல் ஊற்றுவது தேவையா என்பதில்தான் சீனியர்களுக்குள் சண்டை.

என் பழக்கம் ஐ.வி. தான். காரணம் ரொம்ப எளிது. வாந்தி வராமலிருக்க டெக்ஸா எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம். அதே ஊசி பிளாக்கையும் நீட்டுகிறது என்றால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நரம்பைத் தொடவே வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: விழித்திருக்கும் நோயாளிக்கு வேகமாகத் தள்ளாதீர்கள். பிறப்புறுப்பைச் சுற்றி தாங்க முடியாத அரிப்பும் எரிச்சலும் ஒரு நிமிடத்துக்கு வரும், பெண்களுக்கு அதிகம். சொல்லாமல் போட்டால் பாவம், என்ன நடக்கிறதென்று வெளியே சொல்லவும் முடியாமல் மேசையில் நெளிவார்கள். நான் பயிற்சியில் இருந்தபோது இதைத் தெரியாமல் செய்து, ஒரு பெரியம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். சலைனில் கலந்து மெதுவாக விடுங்கள், அல்லது தூங்கவைத்த பிறகு கொடுங்கள்.

நரம்போரம்தான் போடுவேன் என்றால் 4 மில்லிகிராம் போதும். அதற்கு மேலே கூட்டினால் நேரம் கூடுவதில்லை. அப்புறம், எந்த குப்பியை எடுக்கிறீர்கள் என்று லேபிளைப் படித்துவிட்டு எடுங்கள். சில தயாரிப்புகளில் பென்சைல் ஆல்கஹால், பாராபென் மாதிரி பதப்பொருள்கள் இருக்கும். அவை நரம்பின் பக்கத்தில் போக வேண்டியவை அல்ல. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகிற விஷயம் ஒன்று: ரோபிவகெய்ன் அமிலத்தன்மையுள்ள கரைசலில்தான் கரைந்திருக்கும், பி.எச். 6-ஐத் தாண்டினால் கரைதிறன் சரியும். டெக்ஸாவின் ஊசி வடிவமான டெக்ஸாமெத்தசோன் சோடியம் பாஸ்பேட்டோ காரப்பக்கம் சாய்ந்தது. இரண்டையும் ஒரு சிரிஞ்சில் இழுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மெல்லிய புகை மாதிரிக் கலங்கும், சில நேரம் ஊசி மாதிரிப் படிகங்கள் மிதக்கும். பியூபிவகெய்னோடு இந்தத் தொல்லை குறைவு. கலங்கிய சிரிஞ்சைக் குலுக்கித் தெளியவைத்துப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைத் தொட்டியில் கொட்டுங்கள். படிகம் நரம்பில் என்ன செய்யும் என்பதை உங்கள் நோயாளியிடம் கண்டுபிடிக்க வேண்டாம்.

சர்க்கரை ஏறுமே, புண் ஆறாதே, கிருமி பிடிக்குமே என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. சர்க்கரை ஏறும், ஆனால் ஒற்றை டோஸில் ஏறுவது சமாளிக்கக்கூடியது. தொற்றைப் பற்றி 2021-இல் வந்த பாடி என்ற பெரிய சோதனை இருக்கிறது; 8,000-க்கும் மேற்பட்டவர்களில் 8 மில்லிகிராம் ஐ.வி. டெக்ஸாவையும் மருந்தில்லாத வெறும் ஊசியையும் ஒப்பிட்டார்கள், சர்க்கரை நோயாளிகளும் அதில் இருந்தார்கள். அறுவைப் புண் தொற்று டெக்ஸா பக்கம் 8.1 சதவீதம், இன்னொரு பக்கம் 9.1. அதாவது கூடவில்லை. கட்டுப்பாடே இல்லாத சர்க்கரையோடு வருகிறவருக்கு நான் இன்னும் தயங்குவேன், அதற்குக் காரணம் சோதனை அல்ல, என் சுபாவம்.

சர்க்கரை நோயாளி என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நரம்பு ஏற்கெனவே பாதிக்கப்பட்டவருக்குச் சேர்மானம் இல்லாமலே பிளாக் நீளமாக நிற்கும். அவருக்கு நீட்டுவதற்கு என்ன அவசரம்? மருந்தின் அடர்த்தியைக் குறைத்து, எதையும் சேர்க்காமல் போட்டுவிட்டு வருவதே நல்லது என்பது என் எண்ணம்.

இப்போது டெக்ஸ்மெட். இது ரத்த அழுத்தத்தை இறக்கும் குளோனிடின் என்ற மருந்தின் தம்பி, ஆனால் இரண்டும் பற்றிக்கொள்ளும் ஆல்ஃபா-2 ஏற்பியை அண்ணனைவிடப் பல மடங்கு குறிபார்த்துப் பிடிக்கும். வேடிக்கை என்னவென்றால் நரம்போரம் அது வேலை செய்வதற்கு அந்த ஏற்பி காரணமில்லை என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். நரம்பிழை ஒரு முறை துடித்த பிறகு மறுபடி துடிக்கத் தயாராவதற்கு உதவும் ஒரு மின்னோட்டத்தை அது அடக்கிவிடுகிறது, அதனால் ஏற்கெனவே மரத்துப்போன நரம்பு விழித்துக்கொள்ளத் தாமதமாகிறது. 50, 60 மைக்ரோகிராம் போட்டால் பிளாக் சீக்கிரம் பிடிக்கும், வலி நிவாரணமும் கணிசமாக நீளும். கைப் பின்னல் பிளாக்குகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் பாதிக்கும் மேல் கூடுகிறது என்றே தெரிகிறது. அசைவிழப்பும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் நீளும் என்பதை மறக்க வேண்டாம்.

விலை என்ன? நாடித்துடிப்பு இறங்கும், ரத்த அழுத்தம் இறங்கும், நோயாளி தூங்கி வழிவார். விழித்திருந்தே செய்கிற அறுவையில் அந்தத் தூக்கம் நமக்கு வசதிதான், அதனால்தான் சிலருக்கு இது பிடிக்கிறது. அறுவை மேசையில் ஆள் அமைதியாக இருப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் தோள் அறுவைக்கு உட்காரவைத்த நிலையில், இன்டர்ஸ்கேலீன் பிளாக்கோடு (அதே பின்னலைக் கழுத்தில் மரக்கவைப்பது), திடீரென்று நாடியும் அழுத்தமும் சேர்ந்து சரிவது நமக்கெல்லாம் தெரிந்த ஆபத்து. அங்கே போய் நாடியை இறக்கும் இன்னொரு மருந்தைச் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. நாடியை இறக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர், இதயத் துடிப்பில் தடை உள்ளவர், அன்றைக்கே வீட்டுக்குப் போகிறவர் ஆகியோருக்கும் இது வேண்டாம்.

டெக்ஸ்மெட்டில் இன்னொரு சிக்கல் அளப்பதில் வரும். பொதுவாக ஒரு மில்லியில் 100 மைக்ரோகிராம், 2 மில்லி குப்பி. 50 மைக்ரோகிராம் என்றால் அரை மில்லி. அதை 20 மில்லி சிரிஞ்சில் 'சுமாராக' இழுத்தால் அரை, முக்கால் ஆகும், முக்கால் ஒன்று ஆகும். 1 மில்லி சிரிஞ்சில் அளந்து எடுத்து அப்புறம் கலக்குங்கள். பெயரும் காலை வாரும்: டெக்ஸா, டெக்ஸ்மெட், அவசரத்தில் சொன்னால் கேட்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றி எடுத்து 2 மில்லியையும் கலந்தால் 200 மைக்ரோகிராம் உள்ளே போய்விடும். முழுப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், சிரிஞ்சில் எழுதி ஒட்டுங்கள்.

இரண்டையும் ஒப்பிட்டு 2019-இல் சுப்ராகிளாவிகுலர் பிளாக்குக்கென்றே ஒரு தொகுப்பாய்வு வந்தது, டெக்ஸா 2 மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாக வலியைத் தள்ளிப்போடுகிறது, அழுத்தக் குறைவும் தூக்கமும் குறைவு என்று அது சொன்னது. அதில் ஒரு ஓட்டை உண்டு: ஒப்பீடு மறைமுகமானது, அதாவது இருவரையும் ஒரே களத்தில் ஓடவிடவில்லை, இவர் வெறும் ஊசியைவிட எவ்வளவு வேகம், அவர் வெறும் ஊசியைவிட எவ்வளவு வேகம் என்று பார்த்துக் கழித்திருக்கிறார்கள். அதனால் மணிக்கணக்கை அப்படியே நம்ப மாட்டேன், திசையை நம்புவேன். பக்கவிளைவுக் கணக்கும் அதே திசையில் இருப்பதால் டெக்ஸா முன்னால் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அட்ரினலின்தான் எல்லாவற்றிலும் பழையது, கோக்கெய்ன் காலத்திலேயே, 1900-களின் தொடக்கத்தில், ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் பிரவுன் சேர்த்துப் பார்த்தது. லிக்னோகெய்னை நன்றாக நீட்டும், ரோபிவகெய்னிலும் பியூபிவகெய்னிலும் பெரிதாக எதுவும் கிடைக்காது. அதைச் சேர்க்கிறேன் என்றால் ஊசி ரத்தக்குழாய்க்குள் போய்விட்டதா என்று நாடி ஏறுவதை வைத்துத் தெரிந்துகொள்ளத்தான். அதற்கு மில்லிக்கு 2.5 முதல் 5 மைக்ரோகிராம் போதும். குளோனிடின் 2 மணி நேரம் மாதிரிக் கொடுக்கும், அதற்குப் பதிலாக நாடியையும் அழுத்தத்தையும் இறக்கும். டெக்ஸா கிடைக்கிற இடத்தில் இதற்கு வேலை இல்லை. பியூப்ரநார்ஃபின் 300 மைக்ரோகிராம் நன்றாகவே நீட்டும், அபின் வகையில் உருப்படியானது இது ஒன்றுதான், ஆனால் குமட்டலும் வாந்தியும் அரிப்பும் கூடவே வரும். கை வலிக்கவில்லை, ராத்திரி முழுக்க வாந்தி என்றால் நோயாளி நம்மை வாழ்த்த மாட்டார். ஃபென்டனில், டிராமடால் இரண்டிலும் முடிவுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கின்றன, நான் சேர்ப்பதில்லை. மக்னீசியம் கொஞ்சம் நீட்டும், அந்தக் கொஞ்சத்துக்காக நரம்பில் போட எனக்கு மனம் வரவில்லை. பைகார்பனேட் சீக்கிரம் பிடிக்கவைக்குமே தவிர நீட்டாது, ரோபிவகெய்னோடு சேர்த்தால் அதுவும் கலங்கும்.

மிடாசோலமும் கீட்டமினும் நரம்போரம் வேண்டவே வேண்டாம். தனியாகப் பிரித்தெடுத்த எலி நரம்பணுக்களில் செய்த சோதனைகளில் இவை அணுக்களைக் கொன்றன. அதே சோதனைகளில் ரோபிவகெய்னே நரம்பணுவுக்கு நல்லதல்ல என்றும் தெரிந்தது, டெக்ஸா, குளோனிடின், பியூப்ரநார்ஃபின் ஆகியவை பெரிதாகக் கூடுதல் கேடு செய்யவில்லை. இது கொஞ்சம் ஆறுதல், அவ்வளவுதான். தட்டில் வளர்த்த எலி அணு வேறு, உறையும் ரத்த ஓட்டமும் உள்ள மனித நரம்பு வேறு. மனிதர்களில் இந்தச் சேர்மானங்களால் நீண்டகால நரம்புப் பாதிப்பு கூடியதாகச் சோதனைகள் காட்டவில்லை. ஆனால் பிளாக்குக்குப் பின் நிரந்தர நரம்புப் பாதிப்பே மிக அரிது, சில நூறு பேரை வைத்து நடத்தும் சோதனையில் அது கண்ணில் படாது. 'பாதுகாப்பு நிரூபிக்கப்பட்டது' என்று யாராவது ஸ்லைடில் போட்டால், எத்தனை பேரில் என்று கேளுங்கள்.

லிபோசோமல் பியூபிவகெய்ன் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கொழுப்புக் குமிழிகளுக்குள் மருந்தை அடைத்து மெதுவாகக் கசியவிடும் யோசனை. அமெரிக்காவில் 2018-இல் இன்டர்ஸ்கேலீன் பிளாக்குக்கு அனுமதி வாங்கியது. யோசனை அழகு. சாதாரண பியூபிவகெய்னோடு ஒப்பிட்ட சோதனைகளை 2021-இல் தொகுத்துப் பார்த்தபோது நோயாளி உணரும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. உண்மையிலேயே 2, 3 நாள் வலி நிவாரணம் வேண்டுமென்றால் நரம்போரம் மெல்லிய குழாய் வைத்து மருந்தைத் தொடர்ந்து விடும் கதீட்டர்தான் வழி. பிடிக்கவில்லையென்றால் நிறுத்திவிடலாம், அதுதான் அதன் பெரிய வசதி. உள்ளே ஊற்றிய சேர்மானத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

அந்த 'திரும்ப எடுக்க முடியாது' என்பதைத்தான் நீங்கள் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் யோசிக்க வேண்டும். இன்டர்ஸ்கேலீனில் உதரவிதானத்தை இயக்கும் ஃபிரெனிக் நரம்பும் மரத்து, அந்தப் பக்க உதரவிதானம் அசையாமல் நின்றுவிடும். நல்ல நுரையீரல் உள்ளவருக்குத் தெரியாது, மூச்சிரைப்பு உள்ளவருக்கு அதை 24 மணி நேரத்துக்கு நீட்டினால் தெரியும். முன்கை எலும்பு நொறுங்கி வந்தவருக்குத் தசையறை அழுத்தம் (வீக்கத்தால் தசைக்குள் ரத்த ஓட்டம் நெரிபடுவது) ஏறினால் முதல் அறிகுறி வலி. அந்த வலியை நாம் நாளை வரை தள்ளிவைத்திருப்போம், ஆகவே அறுவை நிபுணரிடம் பேசாமல் அந்தக் கையில் எதையும் நீட்ட மாட்டேன். இன்னொன்று கண்ணால் பார்த்தது: பிளாக் விடாத கையோடு படுத்தவர், முழங்கை கட்டிலின் இரும்புச் சட்டத்தில் அழுந்தியபடி ராத்திரி முழுக்கத் தூங்கிவிட்டார். காலையில் சுண்டுவிரல் பக்கம் மட்டும் உணர்வு திரும்பவில்லை. பிளாக்கா, அறுவையின்போது கையை இறுக்கிய டூர்னிக்கெட் பட்டையா, கட்டில் சட்டமா என்று ஆளாளுக்கு விரல் நீட்டினார்கள். 6 வாரத்தில் சரியாகிவிட்டது, நல்ல வேளை. அதிலிருந்து நீட்டிய பிளாக் என்றால் கழுத்தில் மாட்டும் கைத்தொட்டிலில் கையைப் போட்டு, முழங்கைக்கு அடியில் மெத்தை வைத்து, எத்தனை மணி வாக்கில் விடும், எத்தனை மணிக்குள் விடாவிட்டால் கூப்பிட வேண்டும், சூடான எதன் பக்கத்திலும் அந்தக் கையைக் கொண்டுபோகக் கூடாது என்பதையெல்லாம் தாளில் எழுதி, கூட இருப்பவர் கையில் கொடுத்துவிடுகிறேன். முதல் மாத்திரையை பிளாக் விடுவதற்கு முன்பே போடச் சொல்வதும் அந்தத் தாளில் இருக்கும்.

கடைசியாக, இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலப்பது பற்றி. சேர்த்துப் போட்ட சோதனைகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, சிலவற்றில் கூடுகிறது, சிலவற்றில் டெக்ஸா தனியாகக் கொடுத்ததைவிட எதுவும் கிடைக்கவில்லை. மூன்று மருந்தை ஒரு சிரிஞ்சில் கலந்தால் எது எதோடு சண்டை போடும் என்பதும் ஒரு கேள்வி. உங்கள் நோயாளி திடகாத்திரமானவர், அறுவை பெரியது, ராத்திரி வார்டில்தான் இருக்கப்போகிறார், இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டுமென்று தோன்றுகிறது என்றால், டெக்ஸாவை ஐ.வி.யாகக் கொடுத்துவிட்டு, டெக்ஸ்மெட் 50 மைக்ரோகிராமை மட்டும் பிளாக்கில் சேர்த்துப் பாருங்கள். மானிட்டரைக் கழற்றாமல் அறுவை முடிந்த பிறகும் 2 மணி நேரம் பக்கத்தில் யாராவது இருக்கட்டும். மேலே நீட்ட வேண்டாம் என்று சொன்னவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ரோபிவகெய்ன் மட்டும் நரம்போரம், டெக்ஸா 8 மில்லிகிராம் நாளத்தில், மெதுவாக.